ஒரே எண்ணுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்: சிங்கப்பூர்ச் சிற்றலுவலகங்களில் ஐபி முகவரி மோதல்

சிராங்கூன் சாலையை ஒட்டிய டன்லப் ஸ்ட்ரீட்டிலோ அப்பர் டிக்சன் ரோட்டிலோ, கீழே கடை, மாடியில் அலுவலகம் என்றிருக்கும் கடைவீடு ஒன்றில் ஏறிப் பாருங்கள். கல்லாவில் பில் போடும் கணினி, அட்டைக் கட்டணக் கருவி, மூலையில் பிரிண்டர், படிக்கட்டுக்கு மேல் கேமரா, அதற்கொரு பதிவுப்பெட்டி, விரல்ரேகை வைத்து வருகை பதியும் கருவி, மேசைத் தொலைபேசிகள், போதாததற்கு ஊழியர் ஒவ்வொருவரின் கைப்பேசி. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் கருவிகள் முப்பதைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. கேமரா மாட்டியவர் ஒருவர், பிரிண்டர் கொண்டுவந்தவர் வேறொருவர், பில் மென்பொருள் ஏற்றியவர் மூன்றாமவர். மூவரும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய ஓர் எண்ணைத் தம் கருவிக்குக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்படிக் கொடுத்த எண்களில் இரண்டு என்றாவது ஒருநாள் ஒன்றாக அமைந்துவிடும். அன்று கல்லாக் கணினியின் திரையில், இதே ஐபி முகவரியை வேறொரு கருவியும் பயன்படுத்துகிறது என்ற அறிவிப்பு வரும். அணைத்துப் போட்டால் சரியாகும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி வரும். கூப்பிட்டவுடன் வரும் தொழில்நுட்பர் முகவரியின் கடைசி எண்ணை மாற்றிவிட்டுப் போவார். ஒரு மாதம் கழித்து அதே வியாதி வேறு மேசையில் தலைகாட்டும்.

இந்தச் சிக்கலைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் ‘இந்தக் கட்டளையைத் தட்டுங்கள், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. அவை தவறில்லை, ஆனால் நோயின் பாதியைத்தான் பார்க்கின்றன. முகவரி மோதலில் எந்தக் கருவியும் பழுதாவதில்லை. ஓர் அலுவலகத்தில் எண் கொடுக்கும் உரிமை யாருக்கு என்று யாரும் தீர்மானிக்காததால் வருவது அது. நெறிமுறைகளை வகுத்தவர்கள் நாற்பது ஆண்டுகளில் இதற்குச் சொன்ன தீர்வுகளை ஒருசேர வைத்துப் பார்த்தாலும் இங்கேதான் வந்து சேர்கிறோம்.

நம்பிக்கையில் ஓடும் ஏற்பாடு

1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்து வெளியிட்ட ஆர்எஃப்சி 791 என்ற ஆவணம்தான் இன்றும் நாம் பயன்படுத்தும் ஐபி நான்காம் பதிப்பின் அடிப்படை. முகவரிக்கு 32 பிட். அதாவது ஏறத்தாழ 429 கோடி எண்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் டேவிட் பிளம்மர் எழுதிய ஆர்எஃப்சி 826, ஏஆர்பி என்ற சிறு நெறிமுறையைத் தந்தது. ஒரே அலுவலக வலைக்குள் ஒரு கணினி இன்னொன்றோடு பேச வேண்டுமானால் ஐபி எண் மட்டும் போதாது. வலை அட்டையில் பொறித்த 48 பிட் மேக் முகவரியும் வேண்டும். எனவே அது எல்லோருக்கும் கேட்கும்படி ‘192.168.1.64 யார்?’ என்று கூவும். ‘நான்தான், என் மேக் முகவரி இது’ என்று பதில் வரும். கேட்ட கணினி அதை அப்படியே நம்பிக் குறித்துக்கொள்ளும்.

பதில் சொன்னவர் உண்மையான உரிமையாளரா என்று சரிபார்க்க அந்த ஏற்பாட்டில் வழியே இல்லை. இருவர் பதில் சொன்னால், ஒரு கணினியின் குறிப்பில் ஒருவரும், அடுத்த கணினியின் குறிப்பில் மற்றவரும் இடம்பிடிப்பார்கள். சில நிமிடங்களில் அதுவும் மாறும். மோதல் விட்டுவிட்டு வருவதும், ‘எனக்கு அச்சாகிறது, அவருக்கு ஆகவில்லை’ என்று பக்கத்து மேசைக்காரர்கள் முரண்பட்டுப் பேசுவதும் இதனால்தான். ஊழியர்கள் பொய் சொல்லவில்லை. இருவர் பார்ப்பதும் வெவ்வேறு உண்மை.

1990களில் எண்கள் தீர்ந்துவிடுமோ என்ற பயம் வந்தது. சிங்கப்பூரில் அது இணையத்தின் விடியற்காலம். தேசியப் பல்கலைக்கழகத்தில் டெக்நெட் என்ற வலையமைப்பு இயங்கிய காலம். அங்கே பணியாற்றிய டான் டின் வீயும் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும் 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளோடு தமிழையும் இணையத்தில் ஏற்றிய காலம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918, 10இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168இல் தொடங்குபவை என மூன்று தொகுதிகளை யார் வேண்டுமானாலும் உள்ளே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் ஐந்தாம் மாடி 112ஆம் எண் வீடு புளோக்குக்கு புளோக் இருக்கலாம். ஒரே புளோக்கில் இரண்டு இருந்தால்தான் தபால்காரர் திண்டாடுவார். தனியார் முகவரியும் அப்படியே. தேக்கா வட்டாரத்தில் ஆயிரம் அலுவலகங்களில் 192.168.1.64 இருந்தாலும் ஒன்றுக்கொன்று தொந்தரவில்லை.

பொது எண்களின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3இல் தீர்ந்தது. நமது வட்டாரத்துக்கு எண் வழங்கும் ஏபிநிக், அவ்வாண்டு ஏப்ரல் 15 முதல் பங்கீட்டுக்கு இறங்கியது. ஆகவே சிற்றலுவலகத்துக்கு வெளியுலக முகவரி ஒன்று கிடைத்தால் பெரிது. உள்ளே இருக்கும் முப்பது கருவிகளும் தனியார் எண்களில் வாழ்கின்றன. அந்த எண்களை ஆள உலக அமைப்பு எதுவும் வராது. அந்த அலுவலகமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு அதிகாரிகள்

எண் கொடுக்க இரண்டு வழிகள். கருவிக்குள் கையால் எழுதுவது ஒன்று. டிஎச்சிபி என்ற சேவை தானே வாடகைக்கு விடுவது இன்னொன்று. ரால்ஃப் டிராம்ஸ் 1993இல் முன்வைத்து 1997இல் ஆர்எஃப்சி 2131 ஆக நிலைபெற்ற ஏற்பாடு இது. ஒவ்வொரு எண்ணும் ஒரு கால வரம்புக்குத் தரப்படும். விண்டோஸ் சர்வரில் வழக்கமான வாடகைக் காலம் 8 நாள். சிறு அலுவலகங்களில் ரவுட்டரே இந்த வேலையையும் செய்துவிடுகிறது.

எந்த வழியானாலும் தனியாக இருந்தால் பெரிய தொல்லை இல்லை. இரண்டும் ஒரே நிலப்பரப்பில் ஆட்சி செய்யும்போதுதான் மோதல். ஹிக்விஷன் கேமராக்கள் பெட்டியிலிருந்து வெளிவரும்போதே பொதுவாக 192.168.1.64 என்ற எண்ணோடு வரும், டாஹுவா 192.168.1.108. ரவுட்டரோ பெரும்பாலும் 192.168.1 வரிசையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் வாடகைக்கு விடும்படி அமைந்திருக்கும். கேமராவில் 64 உட்கார்ந்திருப்பது ரவுட்டரின் ஏட்டில் கிடையாது. என்றாவது ஒருநாள் அதே 64ஐப் புதிதாக வந்த மடிக்கணினிக்குக் கொடுக்கும். ஒரே வகைக் கேமரா இரண்டை எண் மாற்றாமல் மாட்டினால் அன்றைக்கே மோதல்.

வேறு வழிகளும் உண்டு. மலிவான ரவுட்டர்கள் வாடகை ஏட்டைத் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும். மின்சாரம் போய் வந்தால் எல்லாம் மறந்து, ஏற்கனவே ஒருவர் கையில் இருக்கும் எண்ணை இன்னொருவருக்குத் தரும். மெய்நிகர் கணினியை நகலெடுத்தால் அதன் நிலையான முகவரியும் நகலாகும். இவற்றைவிட மோசமானது, வைஃபை சரியாக எட்டவில்லை என்று யாரோ ஓர் ஊழியர் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிவந்து மேசைக்கடியில் செருகும் இரண்டாவது ரவுட்டர். அது தானும் ஓர் எண் கொடுக்கும் அதிகாரி என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். அதன் சொந்த எண்ணும் 192.168.1.1 ஆக இருந்துவிட்டால் அலுவலகம் முழுதுமே தடுமாறும், ஏனென்றால் வெளியே போகும் வாசலுக்கே இரண்டு சொந்தக்காரர்கள்.

எண் கொடுப்பவர் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை இந்த நகரம் பெரிய அளவில் ஒருமுறை பார்த்திருக்கிறது. 2016 டிசம்பர் 3 அன்று சிங்டெல் வீட்டுக் கண்ணாடியிழை இணையச் சேவை ஏறக்குறைய ஒரு நாள் முடங்கியது. கோளாறு டிஎச்சிபி சர்வர்களில். கேபிள், ரவுட்டர் எல்லாம் நன்றாக இருந்தும் வாடிக்கையாளர்களுக்கு முகவரி கிடைக்கவில்லை. தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் பின்னர் 500,000 வெள்ளி அபராதம் விதித்தது. அது மோதல் அல்ல, பஞ்சம். ஆனாலும் இந்தச் சேவை கண்ணுக்குத் தெரியாமல் எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான உள்ளூர்ச் சான்று இல்லை.

கண்டறியும் காவல்கள்

தடுப்பு மூன்று நிலைகளில் முயலப்பட்டிருக்கிறது. முதலாவது கருவியே தன்னைச் சோதிப்பது. ஆப்பிளைச் சேர்ந்த ஸ்டுவர்ட் செஷையர் 2008 ஜூலையில் எழுதிய ஆர்எஃப்சி 5227 இதை ஒழுங்குபடுத்தியது: எண்ணை எடுத்துக்கொள்ளுமுன் ‘இது யாருடையதாவது உண்டா?’ என்று மூன்று முறை கேள். பதில் வந்தால் எடுக்காதே. பிறகு யாராவது உரிமை கொண்டாடினால் ஒருமுறை தற்காத்துக்கொள்ளலாம். பத்து விநாடிக்குள் மறுபடி வந்தால் விட்டுக்கொடு. விண்டோஸ் கணினிகளும் ஆப்பிள் கணினிகளும் ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொள்கின்றன. மலிவான கேமராக்களும் பழைய பிரிண்டர்களும் இந்த மரியாதைகளை அறியா. விளைவு வேடிக்கையானது: ஒழுங்கான கணினி ஒதுங்கி, 169.254 என்று தொடங்கும் அனாதை எண்ணை வைத்துக்கொண்டு நிற்கும்; ஒழுங்கற்ற கேமரா ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, எண் கொடுக்கும் சேவையே முன்கூட்டிச் சோதிப்பது. சிஸ்கோ கருவிகள் ஓர் எண்ணைக் கொடுக்குமுன் வழக்கமாக இரண்டு முறை பிங் செய்து, அதாவது ‘இருக்கிறாயா?’ என்று விசாரித்துப் பார்க்கும். விண்டோஸ் சர்வரில் இந்த வசதி உண்டு, ஆனால் தொடக்கத்தில் பூஜ்யத்தில் இருக்கும். நாமே இயக்க வேண்டும். இதன் பலவீனம், உறங்கிக்கொண்டிருக்கும் மடிக்கணினியும் பிங்கைத் தடுக்கும் தீச்சுவர் கொண்ட கணினியும் பதில் சொல்லாமல் இருப்பது. ‘பிங் செய்தேன், யாரும் இல்லை, அந்த எண் காலிதான்’ என்று சொல்லும் தொழில்நுட்பரை நம்பாதீர்கள். அதே வலைக்குள் ஏஆர்பி கேள்விக்கும் மௌனம் என்றால்தான், உறங்கும் கருவிகள் நீங்கலாக, அந்த எண் காலி. விழித்திருக்கும் எந்தக் கருவியும் அதற்குப் பதில் சொல்லாமல் வலையில் வாழ முடியாது.

மூன்றாவது, அலுவலகக் கேபிள்கள் வந்து சேரும் சுவிட்ச் என்ற பெட்டியில் வைக்கும் காவல். எந்தத் துளையிலிருந்து டிஎச்சிபி பதில் வரலாம் என்று முன்கூட்டிச் சொல்லிவைத்தால் மேசைக்கடி ரவுட்டரின் வாய் அடைபடும். வாடகை ஏட்டோடு ஒத்துப்போகாத ஏஆர்பி பதில்களையும் தள்ளிவிடலாம். மூன்றில் இதுவே உறுதியானது. ஆனால் நிர்வகிக்கத் தக்க சுவிட்ச் வேண்டும், அமைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஷென்டன் வே வங்கிகளுக்கு அது சாதாரணம். பயணச்சீட்டு விற்கும் முகவருக்கு இல்லை.

தேடிப் பிடிக்கும் கலை

புகார் செய்யும் கருவி பெரும்பாலும் குற்றவாளி அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு தேட வேண்டும். 2016 ஆகஸ்ட் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் எம்ஆர்டி வட்டப் பாதையில் ரயில்கள் சமிக்ஞை இழந்து தாமாகவே பிரேக் போட்டு நின்றது பலருக்கு நினைவிருக்கும். அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கின் தரவு ஆய்வாளர்கள் ஒவ்வொரு நிகழ்வின் நேரம், இடம், திசை மூன்றையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது, கோளாறு ரயில்களுக்கு எதிர்த்திசையில் வரிசையாக நகர்வது தெரிந்தது. எதிர்ப் பாதையில் ஓடிய பிவி46 என்ற ஒற்றை ரயில்தான் மற்றவற்றை நிறுத்திக்கொண்டிருந்தது. நின்ற ரயில்களையே திருப்பித் திருப்பிச் சோதித்திருந்தால் விடை வந்திராது. அலுவலக மோதலிலும் முதல் வேலை குறித்துவைப்பதுதான்: எந்த மேசை, எத்தனை மணிக்கு, அப்போது புதிதாக என்ன இயக்கப்பட்டது.

விண்டோஸில் நிகழ்வுப் பதிவைத் திறந்து 4199 என்ற எண்ணைத் தேடினால், மோதிய எண்ணும் எதிராளியின் மேக் முகவரியும் அங்கே இருக்கும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ கட்டளையில் டிஎச்சிபி சர்வர் என்ற வரியையும் பாருங்கள். அங்கே உங்கள் ரவுட்டர் அல்லாத எண் இருந்தால் மேசைக்கடியில் தேடத் தொடங்கலாம்.

பதிவு கிடைக்காவிட்டால் எளிய வழி ஒன்றுண்டு. புகார் செய்யும் கணினியின் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையையும் அணையுங்கள். வேறொரு கணினியில் ஏஆர்பி குறிப்பை அழித்துவிட்டு, அந்த எண்ணை பிங் செய்து, ‘ஏஆர்பி -ஏ’ என்று கேளுங்கள். பிங்குக்குப் பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. அந்த எண்ணுக்கு நேரே ஒரு மேக் முகவரி தெரிந்தால் ஆள் உள்ளே இருக்கிறார். அதன் முதல் ஆறு இலக்கங்கள் ஐஇஇஇ அமைப்பு தயாரிப்பாளருக்கு ஒதுக்கியவை. கேமரா நிறுவனமா, பிரிண்டர் நிறுவனமா என்பது நொடியில் தெரியும். இரண்டாம் இலக்கம் 2, 6, ஏ, இ என்பவற்றில் ஒன்றானால் அது பெரும்பாலும் கைப்பேசி: ஆண்டிராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகள் வைஃபையில் தம் மேக் முகவரியை மறைத்துப் புனைபெயரில் வருகின்றன.

நிர்வகிக்கத் தக்க சுவிட்சானால் அந்த மேக் முகவரி எந்தத் துளையில் இருக்கிறது என்று அதுவே சொல்லும். சாதா சுவிட்சானால், கடை மூடிய பின் பிங்கை நிறுத்தாமல் ஓடவிட்டு, கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியதுதான். எந்தக் கேபிளில் பதில் நிற்கிறதோ அதன் மறுமுனையில் குற்றவாளி. பொறியியலாளர்கள் இதைக் கேவலமாக நினைக்கிறார்கள். கடைவீடுகளில் இதைவிட வேகமான வழியை நான் அறியேன்.

பொய்யான எச்சரிக்கைகளும் உண்டு. சிஸ்கோ சுவிட்ச் ஒன்று, தன்னோடு இணைந்த கருவி உயிரோடு இருக்கிறதா என்று அனுப்பும் விசாரிப்பு, விண்டோஸ் தன் எண்ணைச் சோதிக்கும் அதே நேரத்தில் வந்துவிட்டால், கணினி அதை எதிராளியின் குரலாக எடுத்துக்கொள்ளும். அந்த விசாரிப்பைச் சில விநாடி தாமதப்படுத்தினால் சரியாகிவிடும். இன்னொரு பக்கம், உண்மையான ஆபத்தும் மோதல் வேடத்தில் வரலாம். வாசல் எண்ணுக்கு வேண்டுமென்றே பொய்ப்பதில் சொல்லி, எல்லோருடைய போக்குவரத்தையும் தன் வழியாகத் திருப்புவது பழைய தாக்குதல் முறை. பணம் அனுப்பும் கடை, வழக்கறிஞர் அலுவலகம் போன்ற இடங்களில் வாசல் எண்ணில் மோதல் தெரிந்தால், மறுப்பதற்குச் சான்று கிடைக்கும்வரை அதைப் பாதுகாப்புப் பிரச்சினையாகவே நடத்த வேண்டும்.

யாரிடம் சாவி?

எல்லாவற்றுக்கும் கையால் எண் எழுதிவிடலாம் என்பது ஒரு கட்சி. பழைய ஆட்கள் இதை விரும்புவார்கள். கைப்பேசிகள் வருமுன் அது செல்லுபடியாயிற்று. எல்லாவற்றையும் டிஎச்சிபியிடம் விடலாம் என்பது மறுகட்சி. பிரிண்டரின் எண் மாறும் நாளில் அவர்கள் தொலைபேசி ஓயாது. என் தீர்ப்பு இரண்டுக்கும் இடையில் இல்லை, இரண்டாவதன் பக்கம்: பிரிண்டர், கேமரா, பில் கணினி எல்லாவற்றுக்கும் ரவுட்டரிலேயே மேக் முகவரியைக் காட்டி எண்ணை முன்பதிவு செய்யுங்கள். கருவிக்குள் எதுவும் எழுத வேண்டாம். அப்போது ஏடு ஒன்றே. பிடிவாதமாக நிலையான எண் கேட்கும் பழங்கருவி இருந்தால், வாடகைத் தொகுதியை 100 முதல் 199 வரை என்று சுருக்கிவிட்டு, அதற்கு வெளியே ஓர் எண் கொடுங்கள். கைப்பேசிகளை விருந்தினர் வைஃபையில் தனியே பிரித்துவிடுங்கள். ரவுட்டர் மறந்துபோகும் ரகமானால் மாற்றிவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு தொழில்நுட்பரின் சில வருகைகளுக்குச் சமம்.

ஐபி ஆறாம் பதிப்பு வந்தால் இதெல்லாம் தீரும் என்பவர்கள் சொல்வது ஓரளவு சரி. அதில் எண்ணை எடுக்குமுன் இரட்டிப்புச் சோதனை நெறிமுறையிலேயே விதியாக உள்ளது, எண்வெளியும் மோதலை நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு விரிந்தது. சிங்கப்பூர் 2006இலேயே மாற்றத் திட்டம் தொடங்கியது. ஆனால் படிக்கட்டுக்கு மேல் மாட்டியிருக்கும் கேமரா இன்றும் நான்காம் பதிப்பில்தான் பேசுகிறது. அது கழற்றப்படும்வரை மோதலும் இருக்கும்.

இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022இல் சிறு நிறுவனங்களுக்காகக் கொண்டுவந்த அடிப்படைப் பாதுகாப்புச் சான்றிதழ், நிறுவனத்தில் என்னென்ன வன்பொருள், மென்பொருள் இருக்கின்றன என்ற பட்டியலைக் கேட்கிறது. திருடர்களைத் தடுக்கக் கேட்கப்படும் அதே பட்டியலில் ஐபி எண், மேக் முகவரி, யார் எப்போது மாட்டினார் என்று மூன்று கட்டங்களைச் சேர்த்தால் முகவரி மோதலுக்கும் அதுவே மருந்து. கடை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை கேமராவோ பிரிண்டரோ மாட்ட ஆள் வரும்போது, என்ன எண் கொடுத்தார் என்று அவரையே அந்தத் தாளில் எழுதவையுங்கள். எழுதிய பிறகு காசு கொடுங்கள்.